பிரிட்ஜ் கோர்ஸில் கைகுலுக்கக் கற்றோம்

கல்லூரி திறக்கும் முன் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் பிரிட்ஜ் கோர்ஸ். கணக்கு சொல்லித் தருவார்கள் என்று நம்பி, இன்று உத்திரமேரூரில் முதல் பஸ் பிடித்துப் போனேன்.

கோட் போட்ட பயிற்சியாளர் மதியம் வரை கைகுலுக்கவும் சிரிக்கவும் கற்றுத் தந்தார்.

பக்கத்தில் இருந்த திருப்புலிவனத்துச் செல்வி எழுந்தாள்.

"சார், கணக்கு எப்போ நடத்துவீங்க? இன்டெக்ரேஷன்ல டவுட் கீது."

'கீது' என்றதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "முதல்ல பேசக் கத்துக்கம்மா."

செல்வி உட்காரவில்லை. "புரிஞ்சிதான சார் சிரிச்சீங்க? கணக்கு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

உடனே சாப்பாட்டு இடைவேளை விட்டார்.

அதன்பின் நாங்கள் இருவரும் வகுப்புக்குப் போகவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து செல்வியின் சந்தேகத்தைத் தீர்த்தோம்.

நாளை டை கட்டச் சொல்லித் தருகிறாராம். டை கட்டிக் கணக்கில் பாஸானவர்கள் யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள்.