திரௌபதி சிரித்த நாள்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் திரௌபதி என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஊமச்சி என்று கேட்டால் உடனே கை காட்டுவார்கள். அச்சிலிருந்து எடுத்த பீங்கான் பொம்மைகளில் அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் விழும் கோட்டை ஈரப் பஞ்சால் துடைத்துச் சூளைக்கு அனுப்புவது அவள் வேலை. பதினோரு வருஷமாக அதே வேலை, அதே மணை. பிறவியிலேயே காது கேட்காது. கடலூரில் விடுதியில் தங்கி எட்டாவது வரை படித்தவள். தமிழ் எழுதப் படிக்க வரும். எதிரில் நிற்பவரின் உதட்டைப் பார்த்து முக்கால்வாசி புரிந்துகொள்வாள்.

புருஷன் பாண்டியனுக்கு வேப்பூர்ப் பக்கம். அவனுக்கும் காது கேட்காது. பள்ளிக்கூடத்து வாசலையே மிதித்ததில்லை. கல்யாணத்தின்போது பசி, தண்ணீர், அடி, தூக்கம் என்று இருபது முப்பது சைகைதான் அவனிடம் இருந்தது. மிச்சத்தையெல்லாம் திரௌபதிதான் கொடுத்தாள். நேற்று, நாளைக்கு, சந்தேகம், வெட்கம் என்று ஒவ்வொன்றாக அவன் விரல்களில் ஏற்றினாள். ஒரே வருஷத்தில் அவனை நிறுத்த முடியவில்லை. அப்படிப் பேசினான்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் இஸ்திரி வேலை கிடைத்து அவன் போனபிறகு, தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோ கால். செல்லைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். யார் யாரோடு சண்டை, எந்த மெஸ்ஸில் குழம்பு நன்றாக இருக்கிறது, எல்லாம் நடித்துக் காட்டுவான்.

தை மாசம் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்திலேயே பாண்டியன் கூப்பிட்டான். அவள் சுவரோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது மேஸ்திரி பச்சமுத்து பின்னாலிருந்து செல்லைப் பிடுங்கினான். அதைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்து, உதட்டைக் கோணிக்கொண்டு இன்னொரு கையைக் கண்டபடி ஆட்டினான். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். பாண்டியன் அந்தப் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். திரௌபதி எட்டிப் பிடிக்கப் போனாள். பச்சமுத்து கையை உயர்த்தினான். செல் நழுவி, அச்சில் ஊற்ற வைத்திருந்த களிமண் கூழ் வாளிக்குள் விழுந்தது.

“நானா போட்டன்? அதுவா வுழுந்துச்சி” என்றான்.

அவள் முதலாளியிடம் போய் நின்றாள். அவர் சுவரிலிருந்த போர்டைக் காட்டினார். “உள்ள செல்லு வச்சிருக்கக் கூடாதுன்னு எழுதியிருக்குதா இல்லியா?” அன்றைக்கு அரைநாள் சம்பளம் போயிற்று. வெளியே வந்தபோது பச்சமுத்து அவள் முகத்துக்கு நேராக நின்று, படிக்கத் தோதாக ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்: “பட்டன் செல்லு வாங்கிக்க. எண்ணூறு ரூவாதான். நல்லாப் பேசலாம்.”

பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் செல் கடையில் தென்றல் என்ற பெண் வேலை பார்த்தாள். செல்லைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். மூன்று வருஷத்துக்கு முன் திரௌபதி அதை ஏழாயிரத்து எண்ணூறுக்கு வாங்கியிருந்தாள். கையில் எட்டாயிரம் இருந்தது. அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று எழுதிக் காட்டினாள். தென்றல் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் 10,999 என்று எழுதினாள்.

திரௌபதி ‘ஏன்?’ என்று எழுதினாள்.

‘மெமரி சிப்பு பஞ்சம். ஏஐ கம்ப்யூட்டருக்கு மொத்தமா வாங்கிட்டுப் போறாங்க. செல்லுக்குக் கெடைக்கல. இன்னும் ஏறும்.’

‘ஏஐன்னா?’

தென்றல் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினாள்: ‘மிஷினு. மனுஷங்க மாதிரியே பேசும்.’

திரௌபதி அதை இரண்டு தடவை படித்தாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனாள்.

கூட வேலை செய்யும் ஜெயஸ்ரீ பக்கத்து வீடுதான். நாலு நாள் தன் செல்லைக் கொடுத்தாள். ஐந்தாம் நாள் அவள் புருஷன் வாசலில் நின்று கத்துவது திரௌபதிக்குத் தெரிந்தது. “டேட்டாவெல்லாம் இவ காலி பண்ணிட்டுப் போறதுக்கா நான் காசு கட்டறன்?” அதன்பிறகு ஜெயஸ்ரீ முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசத் தொடங்கினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் திரௌபதிக்கு எதுவும் புரியாது என்பது அவளுக்கும் தெரியும்.

திரும்பக் கொடுக்குமுன் அந்தச் செல்லிலிருந்து பாண்டியனின் அறைத் தோழன் பிரபாகரனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். அவனுக்குக் காது கேட்கும். பாண்டியனோடு இருந்து கொஞ்சம் சைகை பழகியவன். ‘செல் போச்சி. புதுசு வாங்கற வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க.’

ஒரு வேளை டீயை நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். பங்குனியில் பதினோராயிரத்தோடு கடைக்குப் போனாள். அந்த மாடல் 12,499 ஆகியிருந்தது. தென்றல் சின்னதாக இன்னொன்றை எடுத்து வைத்தாள். 9,900. ‘மெமரி கம்மி’ என்று எழுதினாள்.

‘வீடியோ வருமா?’

தென்றல் தயங்கினாள். கல்லாவிலிருந்த கடைக்காரர் எட்டிப் பார்த்துச் சொன்னது திரௌபதிக்குத் தெளிவாகத் தெரிந்தது: “வரும்னு எழுதிக் குடுத்து அனுப்பு. ஊமைக்கு என்னா தெரியப்போவுது.”

உதட்டைப் படித்தும் வாங்கினாள். பழைய செல் போய் எழுபத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

வீடியோ வந்தது. பாண்டியன் அழுதான், சிரித்தான், கையை வேகமாக ஆட்டினான். ஆட்டியதும் விரல்கள் கலைந்து புகைபோல ஆயின. படம் நின்றது. மறுபடி ஓடியபோது அவன் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். மெதுவாகச் சொல் என்றாள். இரண்டு நாள் மெதுவாகச் சொன்னான். அப்புறம் சலித்துக்கொண்டான். ‘என்ன, என்ன’ என்று ஒன்றையே அவள் நாலு தடவை கேட்டால் கையை உதறினான்.

அதனால் ஒரு வியாழக்கிழமை அவள் கேட்கவில்லை. அவன் ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். யாரையோ நடித்துக் காட்டினான். கை ஓங்கியிருந்தது, வாய் திறந்திருந்தது, கண் சுருங்கியிருந்தது. படம் அப்படியே நின்றது. கதை சொல்லிச் சிரிக்கிறான் என்று நினைத்தாள். காது கேட்பவர்களிடம் புரிந்ததுபோலத் தலையாட்டுவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். பாண்டியனிடம் அதுவரை செய்ததில்லை. தலையை ஆட்டினாள். நன்றாகச் சிரித்தாள்.

படம் ஓடியபோது அவன் கைகள் மடியில் கிடந்தன. அவளையே பார்த்தான். இணைப்பு அறுந்தது.

மறுநாள் காலையில் பிரபாகரனிடமிருந்து செய்தி வந்தது. ‘சூப்பர்வைசர் இவன எல்லார் முன்னாடியும் கன்னத்துல அறைஞ்சிட்டான். அதச் சொன்னதுக்கு நீங்க சிரிச்சீங்களாம். ராத்திரி சாப்பிடல.’

அன்று சாயங்காலம் அவள் விளக்கினாள். செல் மோசம், கை தெரியவில்லை, நீ சிரிப்பதாக நினைத்தேன் என்று நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தப் பக்கம் எது போய்ச் சேர்ந்ததோ தெரியவில்லை. அவன் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோனான். சாப்பிட்டாயா?

சாப்பிட்டேன் என்றாள். நீ?

சாப்பிட்டேன்.

இப்போதும் ஏழு மணிக்குக் கூப்பிடுகிறான். அந்த இரண்டு சைகையும் எந்தச் செல்லிலும் தெளிவாகத் தெரியும். கேட்டு முடித்ததும் வைத்துவிடுகிறான்.