என் மகளைத் தோண்டி எடுக்கப் போகிறவன்

என் தம்பிக்குப் பனியைப் பற்றி எல்லாம் தெரியும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். இருபது வருடமாக வோபர்னில் கடை வாசல்களில் பனி தள்ளுகிறவன் நான். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை.

அவனுக்குக் கணினி வேலை, ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் புது வீடு. குளிர்காலத்தில் மேற்கே பறந்து ஆளில்லாத பனிமலைகளில் சறுக்குவான். போன மாசியில் என் மகளும் அவனோடு போக வெளிக்கிட்டாள். அடியில் இளகிய பனிப்படை இருக்கும், மேலே காற்று இறுக்கிய படை இருக்கும், ஒரு ஆள் மிதித்தாலே முழுச் சரிவும் கழன்று வரும் என்று அவன் சாப்பாட்டு மேசையில் சொல்ல, அவள் சோற்றை மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தால் போனைப் பார்ப்பாள்.

அங்கே அம்புலன்ஸ் வந்து சேராது. புதைந்தவரைக் கூடப் போனவர்தான் தோண்ட வேண்டும், அதுவும் கால் மணித்தியாலத்துக்குள். நான் அதைச் சொல்லித் தடுத்துப் பார்த்தேன்.

"சித்தப்பா என்னை எடுப்பார். ஐ ட்ரஸ்ட் ஹிம், அப்பா" என்றாள்.

போவதற்கு முன் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பயிற்சிக்கு வந்தார்கள். கடைகளுக்குப் பின்னால் நான் குவித்து வைத்திருந்த பனிமேடுதான் இடம். மலைக்குப் போகிறவர்கள் நெஞ்சில் கட்டும் சிக்னல் கருவி ஒன்றை முதல் நாளே தந்து, முழங்கால் ஆழத்தில் புதைத்து வைக்கும்படி தம்பி சொல்லியிருந்தான். நான் இடுப்பளவு ஆழத்தில் வைத்தேன். மேலே ட்ரக்கால் இரண்டு தரம் பனியைத் தள்ளி மூடினேன். தள்ளிய பனி கொங்கிறீற் மாதிரி இறுகும். மகளுக்கு முன்னால் அவன் தோற்க வேண்டும், அவ்வளவுதான்.

தன்னிடமிருந்த இன்னொரு கருவியால் சிக்னலை உடனே பிடித்துவிட்டான். நீளக் கம்பியால் குத்தி இடத்தையும் கண்டான். பிறகு பனி அள்ளும் சவளோடு நேர் மேலே நின்று கிணறு வெட்டுவதுபோலக் கிண்டினான். பெயர்ந்த கட்டியெல்லாம் திரும்பக் குழிக்குள்ளேயே விழுந்தது. மகள் நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கால் மணித்தியாலம் முடியும்போது அவன் பாதி ஆழம்கூடப் போகவில்லை.

நான் சிரித்தேன். "மலையிலையும் உப்பிடித்தான் கிண்டுவியோ?"

"உது கல்லு மாதிரிக் கிடக்கு, அண்ணை. என்ன செய்தனீங்கள்?"

"ட்ரக்காலை தள்ளினனான்."

அவன் மூச்சு வாங்கிக்கொண்டு குழியைப் பார்த்தான். "மலையிலை சரிஞ்சு விழுந்த பனியும் உப்பிடித்தான் இறுகும்" என்றான்.

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. உள்ளே கிடந்தது வெறும் கருவி. அடுத்த கிழமை அது என் பிள்ளையாக இருக்கலாம். தோண்டப் போகிறவன் இவன்தான்.

சவளை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். "மேலை நில்லாதை. சரிவுக்குக் கீழ்ப்பக்கம் வா. பக்கத்தாலை வெட்டு. கட்டி கட்டியா அறுத்துப் பின்னாலை தள்ளு."

கருவியைத் திரும்பத் திரும்பப் புதைத்து, இருட்டும் வரை அவனைப் பேசிப் பேசி வெட்ட வைத்தேன். நாலாம் தரம் நேரத்துக்குள் எடுத்தான். மகள் ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்தாள். என்னிடம் ட்ரக்கில் ஹீற்றரைப் போடச் சொன்னாள்.

போனார்கள், முழுதாகத் திரும்பி வந்தார்கள். வந்த அன்று சித்தப்பா எவ்வளவு வேகமாகப் பனி வெட்டுவார் தெரியுமா என்று தாய்க்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பாதிச் சாப்பாட்டில் எழும்பிக் கை கழுவினேன்.