சிவப்பு டேப்புக்கு மேலே தண்ணீர்

என் தங்கை புருஷனைச் சொந்தத்தில் எல்லோரும் பம்ப்காரர் என்றுதான் சொல்வோம். குடிநீர் நிலையத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை மோட்டார் போட்டு மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியவர். அவர் ஷிஃப்டில் அந்தத் தொட்டி ஒருநாளும் வழிந்ததில்லை. மனுஷனுக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், அவர் குடியிருந்த வீடு குழாய் வரிசையில் கடைசி. "ஊருக்கே தண்ணி ஏத்துறீங்க, நம்ம வீட்டுக் குழாய் மட்டும் சளி பிடிச்ச மூக்கு மாதிரி சொட்டுது" என்று என் தங்கை குத்திக்காட்டுவாள். அதனால் அந்த வீட்டில் அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். எந்தப் பாத்திரமும் குறைந்து நிற்கக்கூடாது. குறைந்ததைக் கண்டவர் கழுத்து வரை நிரப்பி, காலி வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்க்க வேண்டும். அவர்கள் பையன் அப்படி வளர்ந்தவன். விளையாடிவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தாலும், குடம் முக்காலாக நின்றால் முதலில் அதை நிரப்புவான்.

தங்கை போன பிறகு அவர் மகன் வீட்டுக்கு வந்துவிட்டார். மாடி வீடு. இரண்டு அறை, ஒரு ஹால், பின்னால் துணி துவைக்கும் மெஷின் நிற்கிற ஒரு சந்து. ஹாலில் ஜன்னலோரம் அவர் கட்டில், கட்டிலின் கால்மாட்டில் மீன்தொட்டி. தங்கை படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, அவள் கண்ணுக்கு ஏதாவது அசையட்டும் என்று வாங்கிய தொட்டி அது. அவள் பார்த்தாளோ இல்லையோ, அவர் பார்க்கப் பழகிவிட்டார்.

மருமகளுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை. பாதி நேரம் யாருடனாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். தொட்டி விளிம்பில் தொங்கிய ஃபில்டர் கரகரவென்று இழுத்துக்கொண்டே இருக்கும். வயர்கள் வேறு முன்னால் தொங்கும். அவளைக் கெட்டவள் என்று நான் சொல்ல மாட்டேன். மனதில் இருப்பதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவள். எங்கள் பக்கத்தில் அந்தப் பழக்கம் கிடையாது.

"மாமா, சத்தம் இருக்கக்கூடாது. தரையில ஒரு சொட்டு விழக்கூடாது. முடியும்னா தொட்டி இங்கேயே இருக்கட்டும். இல்லன்னா யாருக்காவது கொடுத்துட்டு, கட்டிலையும் பின்னாடி போட்டுடலாம். ஹால் கொஞ்சம் மூச்சு விடும்."

மகன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முடியும்மா" என்றார் பம்ப்காரர்.

வேலை தொடங்கியதும் எனக்குச் சொல்லி அனுப்பினார். நான் போனபோது ஹாலில் குழாய்த் துண்டுகளும் பசை டப்பாவும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

"வாங்க மச்சான். ஒரு வாட்டர் டேங்க் கட்டுறேன், கை கொடுங்க."

மேலே மீன்தொட்டி. அதன் ஸ்டாண்டுக்குள், கதவுக்குப் பின்னால் இன்னொரு கண்ணாடித் தொட்டி. அதற்குச் சம்ப் என்று பேர். மேல்தொட்டியின் பின்மூலையில் கண்ணாடிக் கடைக்காரர் துளை போட்டுக் கொடுத்திருந்தார். துளையை மறைத்துச் சீப்பு மாதிரி பல் வெட்டிய ஒரு சின்னப் பெட்டி. தண்ணீர் பல்லுக்கு மேல் ஏறினால் பெட்டிக்குள் வழிந்து, குழாய் வழியாகக் கீழே சம்ப்பில் விழும். மீன் விழாமல் பல் தடுக்கும். சம்ப்பில் ஸ்பாஞ்சும் சல்லியும் அழுக்கைப் பிடித்துக்கொள்ள, கடைசி அறையில் இருக்கிற குட்டி பம்ப் தண்ணீரைத் திரும்ப மேலே தள்ளும். ஃபில்டர், வயர் எல்லாம் கதவுக்குள்ளே போய்விடும்.

முதல் நாள் ஓடவிட்டபோது வழிகிற குழாய் களக் களக் என்று காற்றை விழுங்கிச் சத்தம் போட்டது. மருமகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மாமா, யாரோ எப்பவும் பாத்ரூம்லயே இருக்கிற மாதிரி இருக்கு. என் மேனேஜர் என்ன சத்தம்னு கேக்குறாரு."

"உங்க மாமாவுக்கு வயித்துக் கோளாறுன்னு சொல்லும்மா" என்றேன் நான். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது என்று நினைக்கிறேன்.

குழாயில் ஒரு வால்வு வைத்திருந்தார். அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, காதைக் குழாயில் ஒட்டிவைத்துக் கேட்டு, மறுபடி திருப்பினார். குழாய் முழுக்கத் தண்ணீர் நிறைந்து ஓடினால் காற்று நுழையாது, சத்தம் வராது. மறுநாள் மதியம் சத்தம் நின்றே போனது. மருமகள் வந்து நின்று கேட்டுவிட்டு, "ஓடுதா, ஆஃப் பண்ணிட்டீங்களா?" என்றாள். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சம்பள உயர்வு கிடைத்த அன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

கடைசியாகச் சம்ப்பின் வெளிப்பக்கம், பாதிக்குக் கொஞ்சம் மேலே, சிவப்பு டேப் ஒன்றைக் குறுக்கே ஒட்டினார்.

"இது எதுக்கு மாப்பிள்ளை?"

"கரண்டு போனா பம்ப் நிக்கும். மேல இருக்கிற தண்ணி கொஞ்சம் கீழ இறங்கும். அது வந்து உக்கார இடம் வேணும். இந்தக் கோட்டுக்கு மேல காலியா இருந்தாத்தான் சம்ப் தாங்கும்." பிளக்கைப் பிடுங்கிக் காட்டினார். தண்ணீர் இறங்கி, சம்ப்பின் விளிம்புக்கு நாலு விரல் கீழே வந்து நின்றது. "வேலையில, ஊர் மேல்தொட்டியில செஞ்சதுதான் மச்சான். வர்ற தண்ணிக்கு எப்பவும் இடம் விட்டு வைக்கணும்."

மருமகளிடமும் கூப்பிட்டுச் சொன்னார். மகனிடம் சொல்லவில்லை. அவன் காலையில் போனால் ராத்திரி வருகிறவன். வந்தாலும் அந்தப் பக்கம் திரும்பியதில்லை.

நான் வீட்டுக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. குழாயை இறுக்க ஒரு கிளாம்ப் வாங்க நானும் அவரும் கடைக்குப் போனோம். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே கரண்டு போனது. மின்விசிறி ஓய்ந்த அமைதியில், ஸ்டாண்டுக்குள்ளிருந்து ஒரு சலசலப்பு. கதவுக்கடியில் தண்ணீர் நாக்கு நீட்டியது.

அவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். சம்ப் நாலு பக்கமும் வழிந்துகொண்டிருந்தது. மேலே போகிற குழாய் வழியாகவும் தண்ணீர் திரும்பி இறங்கியது; அதைப் பிடுங்குவதற்குள் தண்ணீர் கட்டிலுக்கடியில் போய், ஹாலைத் தாண்டி, மருமகளின் அறை வாசலில் ஏறியது. தரையில் பதித்த மரப்பலகைகள் அன்று சாயங்காலத்துக்குள் ஊறி ஓரம் தூக்கிக்கொண்டன. அவள் மேசைக்கடியில் தரையில் கிடந்த பிளக் போர்டு முங்கியிருந்தது.

"கரண்டு திரும்பி வந்திருந்தா, இந்தத் தண்ணியில கால வெச்ச நான் என்ன ஆகியிருப்பேன், மாமா?" என்றாள் அவள். கத்தவில்லை. "ஒரு சொட்டு வராதுன்னு சொன்னீங்க."

அவர் முட்டி போட்டு உட்கார்ந்தபடியே இருந்தார். நானும் பார்த்தேன். ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் வாளி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. மருமகள் வாளியைக் கவிழ்க்கிறவள் அல்ல. அவளுடைய வாளிகள் எல்லாம் மல்லாந்துதான் கிடக்கும்.

மகன் கையில் துண்டோடு சமையலறை வாசலில் நின்றான். நாங்கள் கடைக்குப் போயிருந்த நேரம், ஸ்டாண்டுக் கதவு திறந்து கிடந்தபோது சம்ப் பாதியாக நிற்பதைப் பார்த்திருக்கிறான். அம்மா வளர்த்த கை, சும்மா இருக்குமா? விளிம்பு வரை ஊற்றியிருக்கிறான். சிவப்புக் கோட்டை, இதற்குக் கீழே குறையக்கூடாது என்று எடுத்துக்கொண்டான் போலும். அந்தத் தொட்டிக்கு அவன் செய்த ஒரே உபகாரம்.

பம்ப்காரர் வாளியைப் பார்த்தார். அப்புறம் மகனைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். என் முழங்கையை அழுத்தினார். மகன் குனிந்து தரையைத் துடைக்கத் தொடங்கினான்.

"கணக்கு தப்பிடுச்சும்மா" என்றார் அவர். ஒருநாளும் தொட்டி வழியவிடாத மனுஷன்.

அந்தப் பையனின் மௌனம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் சித்தப்பா ஒருவர் இருந்தார். சின்ன வயதில் பக்கத்து வீட்டு வைக்கோலில் நெருப்பு விழச் செய்துவிட்டு, அதற்காக என் அப்பா அடி வாங்கும்போது பக்கத்திலேயே நின்று பம்பரம் சுற்றியவர். அதே குனிந்த கழுத்து. தங்கை வழியாக இவனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் கேட்டேன். "ஏன் மாப்பிள்ளை, வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அவன் சொல்லுவான்னு பார்த்தேன் மச்சான்."

"சொல்லலையே."

"ஊத்துனது தப்பில்ல. அவங்க அம்மா சொல்லிக் கொடுத்தது" என்றார். மீதியை அவர் சொல்லவில்லை.

மீன்களை மீன்கடைக்காரர் வந்து பாலிதீன் பையில் கட்டி எடுத்துப் போனார். தொட்டியும் போனது. சம்ப் மட்டும் போகவில்லை; மருமகள் அதில் செருப்புகளை அடுக்கி வாசலில் வைத்திருக்கிறாள். சிவப்பு டேப் இன்னும் அப்படியே இருக்கிறது.

போன மாதம் போயிருந்தேன். கட்டில் பின்சந்தில், துணி மெஷினை ஒட்டினாற்போல் கிடந்தது. உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது மெஷின் தண்ணீரைக் கக்கியது. குழாய் களக் களக் என்று காற்றை விழுங்கியது.

"இதுக்கும் ஒரு வால்வு போட்டா நின்னுடுமே, மாப்பிள்ளை."

"நின்னுடும்" என்றார். எழுந்திருக்கவில்லை. மகன் வந்து என்னிடம், "டீ குடிக்கிறீங்களா மாமா?" என்று கேட்டான். போகும்போது, அப்பாவின் தலைமாட்டில் குறைந்திருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்துப்போய், கழுத்து வரை நிரப்பிக் கொண்டுவந்து வைத்தான். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.