வெம்பிளி வீட்டில் எழுதாமல் விட்ட ஆள்

என் அண்ணை வருஷாவருஷம் காசு கட்டிப் பார்க்கிற ஒன்றை நான் நூலகத்தில் சும்மா பார்க்கிறேன். எங்களுக்குள் இருந்த சண்டை முழுவதும் இவ்வளவுதான். இங்கிலாந்தின் பழைய குடிசனக் கணக்கெடுப்புப் படிவங்கள் இப்போது கணினியில் கிடைக்கின்றன. எந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், என்ன வயது, என்ன தொழில் என்று அந்தந்த வீட்டுக்காரரே கைப்பட எழுதிக் கொடுத்தவை. வம்சாவளி தேடித்தரும் நிறுவனம் ஒன்றுக்குச் சந்தா கட்டினால் வீட்டில் சாய்ந்திருந்தபடி பார்க்கலாம். ஹவுன்ஸ்லோவில் என் வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில் அட்டையைக் காட்டி ஒரு மணித்தியாலம் பதிந்தால் அதே படிவங்களை ஒரு சதமும் கொடுக்காமல் பார்க்கலாம்.

"சும்மா கிடைக்கிறது அரைவாசியாத்தான் இருக்கும்," என்றார் அண்ணை.

"முழுசா இருக்கு."

"உனக்கு எப்பிடித் தெரியும்? நீதான் முழுசைப் பாக்கேல்லையே."

இந்த மாதிரி நியாயத்தோடு யாராலும் வாதாட ஏலாது. எனக்கு அறுபது வயதாகப் போகிறது, அவருக்கு என்னைவிட ஆறு வயது கூட. மோர்டனில் முப்பது வருஷம் பெற்றோல் நிலையம் நடத்தியவர். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு மகள் கடையை விற்கச் செய்து, அவரை ஒரு இடத்தில் இருத்தி வைக்க இந்தச் சந்தாவைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தாள். நெஞ்சுக்கு டொக்டர் தந்த மருந்துக் குளிசைகளை நேரத்துக்குப் போடாதவர் இந்தச் சந்தாவை மட்டும் பிந்தாமல் புதுப்பித்தார்.

முதலில் எங்கள் அப்புவை, அப்பாவின் அப்பாவைத் தேடினார். பருத்தித்துறைக்கு வெளியே கால் வைக்காத மனுஷன் இங்கிலாந்துக் கணக்கில் எங்கே கிடைப்பார்? பிறகுதான் அண்ணைக்கு அந்த யோசனை வந்தது. ஆளைத் தேடாமல் வீட்டைத் தேடினார். நாங்கள் லண்டனுக்கு வந்த புதிதில் இருந்த வெம்பிளி வீடு. மூன்று அறையில் பதினொரு பேர். எனக்கும் அவருக்கும் ஒரு மெத்தை. நான் விமான நிலையத்தில் இரவு வேலை, அவர் பகலில் பெற்றோல் அடிக்கிற வேலை. மெத்தை ஒருநாளும் ஆறியதில்லை.

வீடு கிடைத்தது. நூறு வருஷத்துக்கு முன்பு அங்கே சுவர் பூசுகிற ஒருவர், அவர் மனைவி, ஐந்து பிள்ளைகள், வாடகைக்கு ஒரு ஆள். ஒன்பதாவது வரியில் அந்த மனுஷன் வீட்டுப் பூனையின் பெயரையும் எழுதி, தொழில் என்ற இடத்தில் எலி பிடித்தல் என்று போட்டிருந்தார். படிவத்தைச் சேர்க்க வந்த உத்தியோகத்தர் அதைச் சிவப்பு மையால் வெட்டியிருந்தார். வெட்டினாலும் வடிவாகத் தெரிந்தது. அடுத்த நாளே நூலகத்தில் அதே படிவத்தை எடுத்துப் பார்த்தேன். பூனை அங்கேயும் இருந்தது.

அந்தப் படிவத்தைச் சேமித்து வைக்க அண்ணையின் தளத்தில் ஒரே வழிதான் இருந்ததாம், குடும்ப மரத்தில் சேர்ப்பது. சுவர் பூசுகிறவரைக் காட்டி, இவர் உங்களுக்கு என்ன உறவு என்று அது கேட்டது. முந்தி அதே வீட்டில் இருந்தவர் என்று ஒரு தெரிவு இல்லை. வயதுக்கு மரியாதை கொடுத்து அண்ணை 'அப்பா' என்பதை அழுத்திவிட்டார். அன்றிலிருந்து அவருக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. உங்கள் தகப்பனாரின் திருமணப் பதிவு கிடைத்துள்ளது. உங்கள் தகப்பனார் சிறுவயதில் பள்ளிக்குப் போகாததற்குத் தண்டம் கட்டப்பட்டிருக்கிறது. அண்ணை ஒன்றையும் விடாமல் வாசித்தார்.

ஒருநாள் வேலையில் இருக்கும்போது எனக்கு அழைப்பு எடுத்தார்.

"கனடாவிலை எங்களுக்கு ஒரு சொந்தம் கிடைச்சிருக்கு."

"ஆர் அது?"

"பேர் வெள்ளைப் பேராக் கிடக்கு. வெள்ளையைக் கட்டியிருக்குது போலை. ஆரின்ரை மகள் எண்டு கேட்டு எழுதியிருக்கிறன்."

எங்கள் ஆட்களில் பாதிப்பேர் கனடாவில் இருக்கிறார்கள். அங்கிருந்து ஒரு பெண் நாம் உறவு போலிருக்கிறதே என்று எழுதினால் எந்த யாழ்ப்பாணத்தானும் இதைத்தான் நினைப்பான். அண்ணை மூன்று கேள்வி கேட்டிருந்தார். எந்த ஊர், தகப்பன் யார், எந்தக் கோயிலடி. அந்தப் பெண்மணி பொறுமையாகப் பதில் எழுதினார். ஊர் வெம்பிளி, பூட்டனார் சுவர் பூசுகிறவர், கோயில் அந்தத் தெருமுனையில் இருந்த தேவாலயம். அண்ணைக்கு ஏமாற்றமே இல்லை. ஒரே வீட்டு ஆட்கள்தானே என்றார். ஒரே அறையில் சமைத்த பதினொரு பேரையும் இன்றுவரை அவர் அப்படித்தான் சொல்வார்.

அந்தப் பெண்மணிதான் அண்ணைக்கு அந்த விஷயத்தைச் சொன்னார். இந்தப் படிவங்களை நூறு வருஷம் பூட்டி வைத்துவிட்டுப் பிறகு எல்லாருக்கும் திறந்துவிடுவார்கள். ஆகவே நீங்கள் அந்த வீட்டில் இருந்த காலத்துப் படிவமும் ஒருநாள் திறக்கும்.

அதன் பிறகு அண்ணையைப் பிடிக்க ஏலாது. எங்கள் பெயர்கள் வெளியே வரப்போகின்றன என்று பள்ளிச் சோதனை மறுமொழி போலச் சொல்லித் திரிந்தார். வெம்பிளிக் கோயிலில் பழைய சிநேகிதர்களைக் கண்டு, "பிள்ளையளிட்டைச் சொல்லி வையுங்கோ, பேரப்பிள்ளையள் தேடுவினம்," என்றார். அதற்கு இன்னும் அறுபது வருஷத்துக்கு மேல் இருக்கிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

என்னிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "நீதானே அந்த நேரம் எங்கடை கணக்கெடுப்புப் போமை நிரப்பினனி. வடிவா எழுதினனியோ?"

"ஓம் அண்ணை," என்றேன்.

பச்சைப் பொய். வீட்டில் ஆங்கிலம் கொஞ்சம் எழுதத் தெரிந்தவன் நான் என்பதால் வீட்டுக்காரர் படிவத்தை என் கையில் தந்தார். அவரும் எங்கள் ஆள்தான். பதினொரு பேர் என்று எழுதினால் கவுன்சிலுக்குத் தெரிந்துவிடும், எல்லாரையும் தெருவில் விட்டுவிடுவான் என்றார். "மூன்று பேரை எழுது. முதலில் நான். இரண்டாவது என்ரை மனுசி," என்றார். அவருடைய மனுசி அப்போது யாழ்ப்பாணத்தில் விசாவுக்குக் காத்திருந்தா. "எப்பிடியும் வருவா தானே," என்றார். மூன்றாவதாகக் கடிதம் வந்த ஒரு ஆளைப் போடு என்றார். கடிதம் என்றால் இந்த நாட்டில் இருக்கலாம் என்று அரசாங்கம் தருகிற கடிதம். எனக்கு வந்திருந்தது. அண்ணையின் அகதி வழக்கை மறுத்துவிட்டார்கள், அவர் மேன்முறையீடு செய்திருந்த நேரம். மூன்றாவதாக என்னை எழுதினேன். அண்ணையிடம் நான் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. இதில் இன்னொரு கூத்து, அந்தக் கணக்கெடுப்பு அன்றிரவு வீட்டில் யார் படுத்தார்கள் என்றுதான் கேட்டது. அன்றிரவு நான் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றினேன். மெத்தையில் படுத்தவர் அவர்.

இதை நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. பூனைக்கு இடம் கிடைத்த வீட்டில் என் கூடப்பிறந்தவருக்கு நான் இடம் கொடுக்கவில்லை.

நூலகத்தில் வம்சாவளி தேடுபவர்களுக்கு உதவுகிற பெண்மணி ஒருவர் இருக்கிறார். எவ்வளவு விசர்க் கேள்வியையும் முகம் சுளிக்காமல் கேட்பவர். அவரிடம் போய், கணக்கெடுப்பில் ஒரு ஆள் விடுபட்டுப் போனால் என்ன செய்வது என்று கேட்டேன். எந்த வருஷத்து ஆள் என்று கேட்டார். என் அண்ணை, மோர்டனில் இருக்கிறார் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, திறந்துவிட்ட படிவங்களுக்குத்தான் திருத்தக் குறிப்புப் போடலாம், பூட்டியிருப்பதில் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அது திறக்கும்போது வந்து போடலாமாம். அப்போது எனக்கு வயது நூற்றிருபதைத் தாண்டியிருக்கும் என்றேன். நூலகம் திறந்திருக்க வேண்டுமே என்பதுதான் அவருடைய கவலை.

பேசாமல் விட்டிருக்கலாம். திறக்கிற அன்று நாங்கள் இருவருமே இருக்கமாட்டோம். ஆனால் அண்ணை ஒருநாள், காசு கட்டியதும் சும்மா கிடைத்ததும் ஒன்றுதானா என்று பார்த்துவிட, தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்கே வந்துவிட்டார். இரண்டு திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டார். பூனை வரைக்கும் சரி. முகம் கொஞ்சம் வாடியது. பிறகு மெல்லச் சொன்னார்.

"அந்த நேரம் எனக்கு வந்த கடிதம் எல்லாம் நாட்டை விட்டு வெளிக்கிடு எண்ட கடிதம். நீ எழுதின அந்தக் கடதாசி ஒண்டுதான் இவன் இஞ்சை இருந்தவன் எண்டு சொல்லப்போகுது."

"அண்ணை, நான் உங்களை எழுதேல்லை," என்றேன்.

முழுவதையும் சொன்னேன். முடிந்த பிறகு, "வீட்டுக்காரற்றை மனுசி கடைசிவரைக்கும் வரவேயில்லையே," என்றார்.

"ஓம். விசா கிடைக்கேல்லை."

"வராத மனுசி இருக்கிறா. படுத்த நான் இல்லை." மடிக்கணினியை மூடிக் கையில் எடுத்தார். என்னைப் பார்க்காமல் நடந்து போய்விட்டார்.

இரண்டு கிழமை, முழுதாகப் பதினான்கு நாள், அழைப்பு இல்லை. நான் எடுத்தாலும் அண்ணையின் மனைவி, மச்சாள்தான் கதைத்தா, அவர் குளிக்கிறார் என்றா. இரண்டு கிழமையாகவா குளிக்கிறார் என்று நான் கேட்கவில்லை. இடையில் கனடாவிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது, அண்ணைதான் கதையையும் என் முகவரியையும் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண்மணி என் செயல் தன்னை மிகவும் வருத்தியதாகவும், தன் பூட்டனார் வாடகைக்கு இருந்தவரைக்கூட விடாமல் எழுதியவர் என்றும் சொல்லியிருந்தார். முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரி என் குடும்பத்துக்குள் நின்று என்னைப் பேசுகிறா. வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். பேச்சு வாங்க வேண்டியவன்தானே.

மூன்றாவது கிழமை அண்ணை நூலகத்தில் எனக்கு முன்னமே வந்து இருந்தார். மடிக்கணினி இல்லை. நூலகப் பெண்மணியோடு கதைத்து முடித்திருந்தார்.

"அடுத்த கணக்கெடுப்பு வரும். அண்டு இரவு நான் உன்ரை வீட்டிலைதான் படுப்பன். நீ எழுதவேணும். கொம்பியூட்டரிலை இல்லை, உன்ரை கையாலை. போன முறை கடதாசிப் போம் கேட்டு எடுக்கக் கூடியதாய் இருந்ததாம். இந்த முறையும் கேப்பம்."

"அதுக்கு இன்னும் வருஷங்கள் கிடக்கு அண்ணை."

"தெரியும். அதுக்குத்தான் இப்ப நேரத்துக்குக் குளிசை போடுறன்."

சிரித்திருப்பேன், ஆனால் அவர் சிரிக்கவில்லை. மேசையில் கணினிக்கு நேரம் பதிகிற சிறிய கடதாசித் துண்டுகளும் கட்டைப் பென்சிலும் கிடந்தன. ஒரு துண்டை என் பக்கம் தள்ளினார்.

"எழுதிக் காட்டு. பிழை விடுறியோ எண்டு பாக்கவேணும்."

அறுபது வயதில் சொல்வதெழுதுதல். படிவத்தில் முதலாவது ஆள் வீட்டுக்காரர் என்பதால் என் பெயரிலிருந்து தொடங்கினேன். அவர் பென்சிலைப் பிடித்து நிறுத்தினார்.

"ஆர் முதலாவது?"

"என்ரை வீடுதானே அண்ணை."

"ஓம், வீடு உன்ரைதான். மூத்தவன் நான்."

என் பெயரை வெட்டினேன். அவருடைய முழுப்பெயரையும் எழுதினேன். வயது, பிறந்த ஊர், தொழில், இந்த நாட்டுக்கு வந்த வருஷம், எல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அவர் வாசித்துப் பார்த்தார். ஊரின் பெயரில் ஒரு எழுத்தைத் திருத்தச் சொன்னார், திருத்தினேன். பிறகு இரண்டாவது ஆளாக என்னை எழுதப் போனேன். துண்டில் இடம் இல்லை.

"பரவாயில்லை," என்றார் அண்ணை. துண்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "நீ அண்டைக்கு இரவு வேலைக்குப் போயிருப்பாய்."