ஐந்தாவது பெட்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மகள் சாப்பாட்டு மேசையில் ஆங்கில வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். 'பெட்' என்ற சொல்லை நான்கு வெவ்வேறு பொருளில் வைத்து வாக்கியம் அமைக்க வேண்டுமாம். படுக்கை, பூப்பாத்தி, ஆற்றின் அடிப்பரப்பு என்று மூன்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒரு வீட்டுல ஒரு ஆளுக்கான இடம்" என்றேன். அப்படி ஒரு பொருள் அகராதியில் இல்லை என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுக் கடலடியைப் பற்றி எழுதிக்கொண்டாள். சரிதான், அகராதியில் இல்லை. ஆனால் அந்தப் பொருளில்தான் நான் பாரிஸில் என் முதல் வருஷத்தில் ஏழு மாதங்களைக் கழித்தேன்.

திருச்சியில் நான் வளர்ந்த வீட்டில் பெட் என்றால் இலவம்பஞ்சு மெத்தை. கட்டில் கட்டில்தான். கோடை தொடங்கியதும் மெத்தைகளை மொட்டை மாடியில் காயப்போடுவோம். சுட்ட பஞ்சின் மணம் இரண்டு நாள் அறையில் நிற்கும். பல் விளக்காமல் காபி குடிக்கும் பெரியப்பா ஒருவர் அதற்குப் 'பெட் காபி' என்று பெயர் கொடுத்துச் சோம்பலைக் கௌரவமாக்கி வைத்திருந்தார். மற்றபடி அந்தச் சொல்லை நான் கேட்டதெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாக்களில். "பெட் கெடச்சிருச்சா?" என்று யாராவது யாரையாவது கேட்பார்கள். பதில் வரும்வரை கேட்டவர் மூச்சு விடமாட்டார். எனக்கு அந்தச் சொல்லோடு ஒரு பயம் ஒட்டிக்கொண்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

2009இல் ஒப்பந்த வேலைக்காக இங்கே வந்தேன். அலுவலகம் புறநகரான சென் தெனியில். நிறுவனம் கொடுத்த அறை ஒரு மாதத்துக்குத்தான். நாள் நெருங்கியும் வேறு இடம் கிடைக்கவில்லை. ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் ஒரு மளிகைக் கடைக்காரர் வெங்காயத்தை நிறுத்துக்கொண்டே, "தம்பி, பெட் ஒண்டு வெறுமையாக் கிடக்கு. பாக்கிறீரோ?" என்றார். "இப்போதைக்குக் கட்டில் வாங்குற யோசனை இல்லீங்க" என்று பணிவாகச் சொன்னேன். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அப்படித்தான் ராசன் அண்ணை என்ற யாழ்ப்பாணத்துக்காரரின் வீட்டுக்குப் போனேன். முதல் மாடி. இரண்டு அறை, குசினி என்று அவர்கள் சொல்லும் ஒரு சமையலறை. வீடு அவர் பெயரில். அவரோடும் என்னோடும் சேர்த்து ஐந்து பேர். கதவைத் திறந்ததும் கோடாலித் தைலமும் பொரித்த எண்ணெயும் கலந்த ஒரு வாசம் வரும். எண்ணெய் வாசம் ஐவரில் ஒருவனான ரூபனுடைய மேல்கோட்டிலிருந்து. அவனுக்குப் பாரிஸிலேயே ஸ்டாலின்கிராட் என்ற மெட்ரோ நிலையத்தின் பக்கம் ஒரு உணவகத்தில் சமையல் வேலை. மற்ற இருவர் அண்ணன் தம்பி. விடியுமுன் ரொட்டி சுடும் வெதுப்பகத்துக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்களை நான் பெரும்பாலும் போர்வைகளாகவே அறிவேன்.

அந்த வீட்டில் பெட் என்ற சொல் பார்க்காத வேலை இல்லை. "ஆற்றை பெட்டிலை இருக்கிறீர்?" என்றால் யார் வீட்டில் குடியிருக்கிறாய் என்று பொருள். "அவர் என்ரை பழைய பெட்" என்றால் முன்பு கூட இருந்தவர். "நேற்றுத்தான் பெட்டை மாத்தினவன்" என்று யாரோ வீடு மாறிய செய்தியைச் சொன்னால், "எந்தப் பெட்டையை? கலியாணமே கட்டேல்லையே!" என்று ரூபன் கேட்பான். யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைக்குப் பெட்டை என்று பெயர் என்பதை இந்தப் பகிடியை நாலாவது தடவை கேட்டபோதுதான் புரிந்துகொண்டேன். "இஞ்சினியருக்கு இப்பத்தான் விளங்கினது" என்று அதற்கும் சிரித்தான்.

அண்ணையின் மனைவியும் ஆறு வயது மகளும் திருச்சியில் இருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப முடியாதவர் என்பதால் திருச்சிக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டவர். மகளை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார். "உங்கட ஊரிலைதான் என்ரை மனிசி இருக்கிறா" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார், நான் ஏதோ அவர்களுக்குக் காவல் இருந்துவிட்டு வந்தவன்போல. குடும்பத்தை வரவழைக்க விண்ணப்பம் போட்டிருந்தார். வீடு மூன்று பேருக்குப் போதுமா என்று பார்க்க மேரியிலிருந்து, அதாவது நகரசபையிலிருந்து, ஆள் வரும் என்று கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. அங்கே ஐந்து பேர் இருப்பது தெரிந்தால் விண்ணப்பம் அதோடு முடிந்தது.

கடிதத்தை அண்ணை என்னிடம் நீட்டினார். "நீர் எல்லாத்தையும் எழுதி வைக்கிற ஆள். இதை நீர் பாரும்."

பார்த்தேன். அளவு நாடாவால் மூன்று தடவை அளந்தேன். வேண்டியதைவிட ஒன்றரைச் சதுர மீட்டர் கூடுதலாகவே இருந்தது. பிறகு நாட்குறிப்பிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பட்டியல் போட்டேன். ஒன்றும் இரண்டும் சகோதரர்களின் அடுக்குக் கட்டில்: கழற்றி மளிகைக் கடைக்குக் கீழே உள்ள நிலவறைக்கு. மூன்று ரூபனுடைய மடிப்பு மெத்தை: எதிர்வீட்டுக்கு. நான்கு என்னுடைய இரும்புக் கட்டில்: நிலவறைக்கு. ஐந்து, ஜன்னலோரக் கட்டில்: நிலவறைக்கு. செருப்பு, பல் தூரிகை, சவரக்கத்தி எல்லாவற்றுக்கும் எதிரே ஆளும் இடமும் எழுதினேன். தாளைக் குசினிச் சுவரில் ஒட்டினேன். ஒவ்வொருவராக வாசித்தார்கள். அண்ணையும் வாசித்தார்.

திங்கள் மாலை எல்லாவற்றையும் இறக்கினோம். ஜன்னலோரக் கட்டிலைக் கழற்றியது நானும் ரூபனும். எட்டுத் திருகாணி. அவற்றைக்கூட ஒரு பையில் போட்டு '5' என்று எழுதிவைத்தேன். அன்றிரவு ஆளுக்கொரு வீட்டில் போய்ப் படுத்தோம். அண்ணையைக் கடைக்காரர் கூட்டிப் போனார்.

செவ்வாய் காலை அண்ணையும் நானும் மட்டும். நான் அளவு சொல்ல வந்த நண்பன் என்று ஏற்பாடு. பத்து நாற்பதுக்கு அந்த அம்மாள் வந்தார். கண்ணாடி, கையில் அட்டை, சிவப்புப் புள்ளி விழும் அளவுக் கருவி. சுவர், ஜன்னல், காற்றுப் போகும் வழி எல்லாம் பார்த்தார். என் அளவுக்கும் அவர் அளவுக்கும் இரண்டு விரல்தான் வித்தியாசம். எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை. பிறகு அவர் நிமிர்ந்து, மிகவும் சாதாரணமாக, "நீங்கள் எங்கே படுப்பீர்கள், மிசியு?" என்று கேட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். வீட்டில் ஒரே ஒரு படுக்கைதான் இருந்தது. மகளுக்காக அண்ணை முன்கூட்டியே வாங்கிப் பொருத்தி ஒரு மூலையில் வைத்திருந்த இளஞ்சிவப்புக் குழந்தைக் கட்டில். மெத்தையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. வீட்டுக்கு உரியவர் படுக்கும் ஜன்னலோரக் கட்டில் நிலவறையில் கிடந்தது. அதை அங்கே அனுப்பியவன் நான்.

அண்ணை ஆறடி உயரம். குழந்தைக் கட்டிலைக் கையால் காட்டி, "இதில்தான், மதாம்" என்றார்.

அந்த அம்மாள் கட்டிலைப் பார்த்தார். அண்ணையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். சிரிக்கவில்லை. அட்டையில் ஏதோ எழுதினார். ஒரு வரிக்கு மேல் இருந்தது. பேனாவின் மேல் நுனியை மட்டுமே என்னால் பார்க்க முடிந்தது.

அன்று மாலை ரூபன், "இஞ்சினியர், வீட்டுக்காரனையே வீட்டை விட்டுக் கலைச்சுப்போட்டீர்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், அண்ணையும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாள் என்ன எழுதியிருப்பார்? அடுத்த பதினோரு வாரங்களுக்கு என் நாட்குறிப்பின் முதல் வரி ஒன்றுதான்: 'கடிதம் இல்லை.' தபால் பெட்டிச் சத்தம் கேட்டாலே கீழே இறங்கி ஓடுவேன்.

அதைவிட மோசமான ஒரு யோசனை மெல்ல வந்து சேர்ந்தது. குடும்பம் வந்தால் நாங்கள் நாலு பேரும் வெளியேற வேண்டும். எனக்கு அது தெரியும். உப்பு வாங்க மறக்காதவன், திருகாணிக்கு எண் போட்டவன், வீட்டுக்காரர் படுக்க ஒரு கட்டில் வேண்டும் என்பதை மட்டும் எப்படி மறந்தேன்? மறந்தேனா? அந்தப் பட்டியல் தாளைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து தெளிவாகத்தான் இருந்தது. அதில் பதில் இல்லை.

கடிதம் வந்தது. அனுமதி கிடைத்துவிட்டது. அண்ணை குசினியில் நின்று அதை இரண்டு தடவை என்னை வாசிக்கச் சொன்னார். "பிள்ளைக்கு என்னைத் தெரியுமோ தெரியாது" என்று மட்டும் சொன்னார். ரூபன் செவ்ரான் என்ற புறநகரில் வேறொரு பெட்டுக்குப் போனான். சகோதரர்கள் எங்கே போனார்கள் என்று எழுதி வைக்க எனக்குத் தோன்றவில்லை. நான் சென் தெனியில் தனி அறை எடுத்தேன். முதல் வாரம் முழுவதும் தூக்கமே இல்லை. குறட்டை கேட்காத அறை எனக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

அண்ணை குடும்பமும் பிறகு செவ்ரானுக்கு மாறியது. இரண்டு வருஷத்துக்கு முன் அங்கே சாப்பிடப் போயிருந்தபோது, இத்தனை காலம் கேட்காததைக் கேட்டேன். "அண்ணே, அந்த லிஸ்ட்ல உங்க கட்டிலையும் சேர்த்து எழுதிட்டேன். வேணும்னே செஞ்சேனோன்னு இன்னிக்கும் எனக்குச் சந்தேகம்."

அவர் கறிச்சட்டியை என் பக்கம் தள்ளினார். "அதை நான் அண்டைக்கே பாத்தனான். அஞ்சாவது என்ரை பெட் எண்டு தெரிஞ்சுதான் பேசாமல் இருந்தனான்."

"ஏண்ணே?"

"பயம். இரண்டு தரம் பாத்த பிள்ளை. வந்து நிண்டு, இவர் ஆர் எண்டு கேட்டால்? இன்னும் ஒரு வருசம் போகட்டும் எண்டு ஒரு மனம்." அடுத்த அறையில் இருந்த அவருடைய மகள் என்ன பேசுகிறீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டாள். "ஒண்டுமில்லை பிள்ளை, பழைய பெட் கதை" என்றார். எந்தப் பெட் என்று அவள் கேட்கவில்லை.

லா ஷப்பலுக்கு இப்போதும் கறிவேப்பிலை வாங்கப் போகிறேன். அந்தப் பழைய மளிகைக் கடையில் இப்போது கைத்தொலைபேசி பழுது பார்க்கிறார்கள். பெட் இருக்கிறதா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. இளைஞர்கள் அறை தேடுவதெல்லாம் திரையில்தான், அதற்குப் பிரெஞ்சில் வேறு பெயர். அண்ணையின் பழைய வீட்டை ஏதோ ஒரு நிறுவனம் அலுவலகமாக்கியிருக்கிறது. தெருவிலிருந்தே மேசைகள் தெரிகின்றன. மாலை ஆறு மணிக்கு விளக்கை அணைத்துப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஐந்து பேர் படுத்த இடத்தில் விடியும்வரை யாரும் படுப்பதில்லை.