எழுத்தக்காவின் இருநூற்று நாற்பத்தேழு

என் அக்கா ஐம்பத்திரண்டாம் வயதில் மறுபடியும் 'அ'விலிருந்து தொடங்கினாள். பள்ளிக்கூடத்தில் இல்லை, தன் தையல் அறையில், ஒரு பழைய நர்ஸ் கோட்டை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டுக்கொண்டு. அவளை அந்தக் கதிக்குக் கொண்டுவந்ததில் ஒரு கம்பெனிக்குப் பங்கு உண்டு. எனக்கும் உண்டு. கம்பெனியைப் பற்றிப் பேசினால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேச வரும். என்னைப் பற்றிப் பேசினாலும் அதே கதைதான்.

அக்காவின் தொழில் துணியில் பெயர் தைப்பது. நர்ஸுகளின் கோட்டு, காவலாளிகளின் சட்டை, பஸ் டிரைவர்களின் சீருடை, எல்லாவற்றிலும் நெஞ்சுப் பக்கம் ஒரு பெயர் வேண்டும். முதல் மாடியில் ரோட்டைப் பார்த்த அறை. ஜன்னலோரம் எம்ப்ராய்டரி மெஷின், எதிர்ச் சுவரில் நிறவாரியாக நூல்கண்டுகள், மூலையில் இஸ்திரி மேஜை. நான் தையல் மெஷின் ரிப்பேர்காரன். ஏழாவதோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன். அவளை வட்டாரத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எழுத்தக்கா என்றால்தான் தெரியும்.

அந்தப் பட்டம் சும்மா வரவில்லை. மெஷினோடு கம்பெனி கொடுத்த தமிழ் எழுத்துகளைப் பார்த்தால் அழுகை வரும். கொம்பு நண்டுக்கால் மாதிரி சுருண்டிருக்கும். 'ழ' வயிற்றுவலிக்காரன் மாதிரி மடங்கிக் கிடக்கும். அக்கா அதை ஒருநாள் தைத்துப் பார்த்தாள். மறுநாள் கட்டம் போட்ட நோட்டு வாங்கிவந்து தானே எழுத உட்கார்ந்தாள். எழுதினால் மட்டும் போதாது. ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்தத் திசையில் போக வேண்டும், எங்கே முடிச்சிட வேண்டும் என்று ஒவ்வொரு குத்தாக மெஷினின் திரையில் வைக்க வேண்டும். இதற்குத் தொழிலில் பஞ்சிங் என்று பேர். ஒரு எழுத்துக்கு ஒரு நாள், சிலதுக்கு ஒரு வாரம். துணி சுருங்காமல், நூல் அறுந்துபோகாமல் இருநூற்று நாற்பத்தேழையும் முடிக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. காவலாளி ஒருவர் சட்டையைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, என் பெயரை என் பெண்டாட்டிகூட இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை என்றாராம்.

அந்த மெஷினை வாங்கச் சொன்னது நான். அதற்கு முன்னால் அவளிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. யார் யாரோ சேர்ந்து எழுதி ஊருக்கே சும்மா கொடுத்த பஞ்சிங் மென்பொருள் அதில் ஓடியது. எந்த மெஷினுக்கும் ஒத்துப்போகும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் ஒருநாள் தைத்தால் இரண்டு நாள் அதனோடு மல்லுக்கட்டுவாள். ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து வைரஸ் ஏறி, மூன்று மாதத்து டிசைன்கள் ஒரே மத்தியானத்தில் சாம்பலாகின. அக்கா தரையில் உட்கார்ந்து நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள், அறுந்த நூலை, எதற்கென்றே இல்லாமல்.

நான் சொன்னேன், "திறந்த வீட்டுல நாய் நுழையத்தான் செய்யும். கம்பெனி மெஷின் வாங்கிடு. எல்லாம் அதுக்குள்ளயே. வெளியில இருந்து ஒரு ஈ கூட உள்ள போகாது."

அத்தான் பஸ் டிரைவர். நாளெல்லாம் ஹாரனோடு பேசுவதால் வீட்டில் அதிகம் பேச மாட்டார். அன்றைக்குப் பேசினார்.

"ஈ உள்ள போகாது சரி. நாம உள்ள போகலாமா? சாவி யார்கிட்ட இருக்கும் மாப்ள?"

"அத்தான், நீங்க ஸ்டியரிங்கைப் பாருங்க," என்றேன். அந்த வாயைத்தான் இப்போது செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். பதினோரு வருஷம் அந்த மெஷின் ஒரு நாள் முரண்டு பிடித்ததில்லை. காலையில் பட்டனைத் தொட்டால் அக்காவின் எழுத்துகள் வரிசை கட்டி நிற்கும். கம்பெனியின் கிடங்கிலும் ஒரு பிரதி இருக்கிறது, கவலையே வேண்டாம் என்றார்கள். வேறு கடைக்காரர்கள் அவள் எழுத்தை எடுக்கப் பார்த்தும் முடியவில்லை. வேறு கம்பெனி மெஷினுக்கு அது போகவே போகாது. அக்காவுக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம்தான். தன் பொருள் தன் பெட்டியில் பத்திரமாக இருக்கிறதென்று நினைத்தாள்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் புதுக் கட்டிடம் திறப்பதாகச் சொல்லி, முந்நூறு கோட்டுகளுக்கு அவளுக்கு ஆர்டர் வந்தது. ஆறு வாரம் தவணை. அவள் கைக்கு வந்ததிலேயே பெரிய வேலை. முதல் கோட்டை வளையத்தில் மாட்டிப் பட்டனைத் தொட்டாள். எழுத்துகள் வரவில்லை. திரையில் ஒரு வரி வந்தது: இந்த மாடலுக்கான சேவை நிறைவடைந்தது, புதிய மாடலுக்கு மாறவும்.

என்னைக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். மோட்டார் கும்மென்று ஓடுகிறது. ஊசிக்கம்பியில் ஆட்டமில்லை. இன்னும் இருபது வருஷம் உழைக்கும் மெஷின். நோய் ஒன்றுமில்லாதவனுக்கு டாக்டர் சாவுச் சீட்டு எழுதிக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

மறுநாள் இருவரும் கம்பெனியின் சேவை மையத்துக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய அறை, டோக்கன். எங்கள் முறை வந்ததும் கழுத்துப்பட்டி கட்டிய அதிகாரி எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அந்த மரியாதையிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை மரியாதை கொடுப்பவன் வேறு எதையும் கொடுக்க மாட்டான். அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள், எழுத்துகளைத் திறக்க ஒவ்வொரு முறையும் கம்பெனியிடமிருந்து அனுமதி வர வேண்டும், அந்த அனுமதி இனி வராது, புது மாடலில் பழைய எழுத்துகள் ஏறாது என்று பொறுமையாக விளக்கினார். அக்கா புது மெஷின் வேண்டாம், எழுத்துகளை மட்டும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டாள்.

"அதுக்கு வழியில்லம்மா. உங்க எழுத்து உங்களோடதுதான், அதுல எங்களுக்கு எந்த உரிமையும் இல்ல. திறக்கிற வசதி மட்டும்தான் எங்களோடது."

"அப்போ பிள்ளை என்னோடது, தொட்டில் உங்களோடது. பிள்ளையைத் தூக்கக் கூடாதுங்கிறீங்க."

அவர் சிரிக்கவில்லை. எங்கள் பக்கம் திரையைத் திருப்பி, பதினோரு வருஷத்துக்கு முன்னால் மெஷினைப் பொருத்திய நாளில் யாரோ 'சம்மதம்' என்ற பட்டனை அழுத்தியிருப்பதைக் காட்டினார். நாற்பத்தாறு பக்கம், பொடி எழுத்து, ஆங்கிலம். அக்கா அந்தத் தேதியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். சீக்கிரம் வேலை ஆகட்டும் என்று அந்தப் பட்டனை அழுத்தியது என் விரல்.

நான் அந்த அறையில் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதினால் அச்சில் ஏறாது. காவலாளி வந்தார். அவர் சட்டையிலேயே அக்காவின் எழுத்து இருந்தது. கையைப் பிடித்து வெளியே கொண்டுபோகும்போது, அண்ணே, என் நிலைமை அப்படி, மன்னிச்சுக்குங்க என்று காதோரம் சொன்னார்.

அதோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. முப்பது வருஷம் ஸ்க்ரூடிரைவர் பிடித்தவனுக்கு ஒரு திமிர் உண்டு. மனுஷன் மாட்டியதை மனுஷன் கழற்ற முடியாதா என்ற திமிர். அக்கா கடைக்குப் போயிருந்த நேரத்தில் மெஷினின் முதுகைத் திறந்தேன். உள்ளே கம்பெனி முத்திரை ஒட்டிய தகரப் பெட்டி. நெம்பினேன். சின்னதாக ஒரு சத்தம். திரை இருண்டது. அதுவரை பெயர் தைக்க மறுத்த மெஷின், அதற்குப் பிறகு ஒரு கோடுகூடத் தைக்கவில்லை. பெட்டிக்குள்ளிருந்த சில்லைக் கழற்றி, கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கூட்டாளி ஒருவனிடம் காட்டினேன். எழுத்து எல்லாம் உள்ளேதான் இருக்கிறது, ஆனால் கலைத்துப் போட்டு வைத்திருக்கிறார்கள், கம்பெனி நினைத்தால்தான் அடுக்க முடியும் என்றான். தையல் மெஷினில் நெம்பினால் திறக்கும். இதில் நெம்பினால் செத்துவிடும். அந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவு மேற்பார்வையாளர் அம்மா ஒரு கோட்டோடு வந்தார். வேலையை விட்டுப் போன நர்ஸின் கோட்டு. பெயரைப் பிரித்துக் கொடுத்தால் வேறொருவருக்கு ஆகும் என்றார். பெயரைப் பிரிப்பதென்றால் பின்பக்கமாகத்தான் பிரிக்க வேண்டும். முன்பக்கம் பிளேடு வைத்தால் துணி கிழிந்துவிடும். இது தொழிலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் கைப்பழக்கம். அக்கா கோட்டைத் திருப்பி மடியில் போட்டாள், பிளேடை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது.

முன்பக்கம் எழுத்துதான் தெரியும். பின்பக்கம் அது தைக்கப்பட்ட வழி தெரியும். அடிநூல் எங்கே தொடங்கி, எந்தப் பக்கம் சாய்ந்து, எங்கே முடிச்சிட்டதென்று குத்துக் குத்தாக வெள்ளையில் கிடந்தது. அவள் வைத்த குத்துகள்தான் எல்லாம்.

"டேய்," என்றாள். இரண்டு நாளுக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு. "அவன் மெஷினைத்தான் பூட்டினான். துணியைப் பூட்டலையே."

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது. சுவரில் இருநூற்று நாற்பத்தேழு கட்டம் போட்ட தாள் ஒன்றை ஒட்டினாள். மேற்பார்வையாளர் அம்மா சலவை அறையைத் திறந்துவிட்டார். அக்கா கோட்டு கோட்டாகத் திருப்பி வைத்தாள், நான் போனில் படம் பிடித்தேன். கிடைத்த எழுத்துக்குக் கட்டத்தில் ஒரு கோடு. அத்தான் தன் பங்குக்கு டெப்போவையே கலக்கினார். சக டிரைவர் ஒருவரை மறித்து, சட்டையைக் கழட்டுய்யா, என் வீட்டம்மாவுக்கு உன் 'ணை' வேணும் என்றாராம். அந்த மனிதர் இரண்டு நாள் இவரைக் கண்டால் வேறு வழியாகப் போனார்.

நூற்றெழுபத்தொன்று கிடைத்தன. மிச்ச எழுத்துகளை யாரும் தங்கள் பெயரில் வைத்துக்கொண்டிருக்கவில்லை. 'ஙௌ' என்று பெயர் வைக்க யாருக்குத் தோன்றும்?

கிடைத்ததை எதில் ஏற்றுவது என்றால், பரணில் கிடந்த அதே பழைய கம்ப்யூட்டரும் அந்தச் சும்மா கிடைக்கும் மென்பொருளும்தான். ஒரு கூட்டாளியிடம் சாதாரண எம்ப்ராய்டரி மெஷின் ஒன்றை வாடகைக்கு வாங்கிக் கொடுத்தேன். படத்தில் குத்துகளின் வழி தெரிந்ததால், முன்பு ஒரு நாள் பிடித்த எழுத்து இப்போது ஒரு மணி நேரத்தில் ஏறியது. கம்ப்யூட்டர் தன் பழைய குணத்தைக் காட்டியது. பாதியில் உறைந்து நிற்கும், நீளம் அகலமாகும். என்ன கோளாறு என்று கேட்கக் கண்ணாடிக் கதவும் இல்லை, வணக்கம் சொல்ல ஆளும் இல்லை. எங்கோ கடல் தாண்டி இருக்கும் முகம் தெரியாத ஒருத்தருக்கு எழுதிப் போட வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பதில் வரும். வந்தால் சரியாக இருக்கும். அந்த இரண்டு நாளும் அக்கா என்னைத் திட்டினாள், கம்ப்யூட்டரைத் திட்டினாள், அந்த முகம் தெரியாதவரையும் ஒரு பாட்டம் திட்டினாள்.

"எழுது," என்றாள் ஒருநாள், இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று நான் கம்பெனியைச் சபித்துக்கொண்டிருந்தபோது. "அந்தப் பதினோரு வருஷம் நான் நிம்மதியா தைச்சேன். அதையும் சேர்த்து எழுது. இல்லேன்னா பொய்." அதனால்தான் மேலே எழுதினேன். எனக்கு மனசில்லாமல்தான் எழுதினேன்.

கோட்டுகள் ஒன்பது நாள் தாமதமாகப் போயின. ஆஸ்பத்திரி முணுமுணுத்துவிட்டு எடுத்துக்கொண்டது. இனிமேல் சேருகிறவர்களுக்கும் அதே மாதிரி இருக்க வேண்டுமென்று எழுத்துக் கோப்பையும் கேட்டது. அக்கா கொடுத்தாள். எந்த மெஷினிலும் திறக்கும் கோப்பு அது. திறந்ததுதானே, நடந்து போய்விட்டது. இரண்டே மாதத்தில் நாலு தெரு தள்ளிக் கடை வைத்திருக்கிற ஒருத்தி, ஒரு உணவகத்துப் பணியாளர் சட்டைகள் அத்தனையிலும் அக்காவின் எழுத்தைத் தைத்திருந்தாள். அச்சு அசல். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு உச்சி வரை ஏறியது. அவர்களில் ஒருவரிடமிருந்து சட்டையைக் கெஞ்சி வாங்கிவந்து அக்கா முன்னால் விரித்தேன். பூட்டி வைத்தவன் ஒரு திருடன், திறந்து வைத்தால் ஊரெல்லாம் திருடன் என்று குதித்தேன். வா, போய்க் கேட்போம் என்றேன்.

அக்கா சட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். விரலால் தடவினாள். அடிநூல் தளர்ந்திருக்கிறது, நாலு துவையலில் பிரியும் என்றாள். கேட்கப் போகலாம், ஆனால் அடிதடிக்கு இல்லை, அடிநூலை எப்படி இறுக்குவதென்று சொல்லிக்கொடுக்க என்றாள். நான் அவளுக்குப் பைத்தியமா என்று கேட்டேன்.

"எனக்கும் வயிறு எரியுதுடா. எரியாமயா இருக்கும்," என்றாள். "ஆனா நாளைக்கு இந்த வீடே பத்தி எரிஞ்சாலும் என் எழுத்து அவகிட்ட இருக்கும். நடந்து போய் வாங்கிக்குவேன். எனக்கு டோக்கன் வேண்டாம்."

அவள் அந்தக் கடைக்குப் போய்விட்டு வந்தாள். என்ன பேசினாளோ தெரியாது, நான் போகவில்லை. என் கோபம் அவளுடைய கோபம் மாதிரி வேலைக்கு ஆகிற கோபம் இல்லை. முத்திரை உடைந்த மெஷின் ஜன்னலை விட்டு மூலைக்குப் போயிருக்கிறது, இஸ்திரி போட்ட கோட்டுகளை அதன்மேல்தான் அடுக்குகிறாள். சுவர்த் தாளில் இன்னும் முப்பத்தெட்டுக் கட்டம் காலி. வாரத்துக்கு ஒன்றாக மறுபடி பஞ்ச் செய்கிறாள். இந்த வாரம் 'ஞை'. யாருக்கும் வேண்டாத எழுத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டால், நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்து அந்தப் பெயரோடு வந்து நின்றால் திருப்பி அனுப்பச் சொல்கிறாயா என்கிறாள்.