அப்பாவின் பாஷையில் ஒரு பதில்

மூன்று வருடங்களுக்கு முன், யாழ்ப்பாணத்துத் தீவுக் கிராமமான மண்கும்பானில் எங்கள் வீட்டின் ஒரு பாதியை வாடகைக்கு விட்டிருந்தோம். இடமாற்றத்தில் தீவுக்கு வந்த ஒரு ஆஸ்பத்திரித் தாதி தன் தகப்பனோடு அங்கே குடியிருந்தார். போர்த்துக்கேயர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் வீட்டுக்குள் பேசிவந்த போர்த்துக்கேய மொழி இன்று வெகு சிலரிடமே மிஞ்சியிருக்கிறது. தகப்பன் அதில்தான் மகளோடு பேசுவார். மகள் தமிழில் பதில் சொல்லுவார். கேட்டுக் கேட்டு எங்களுக்கும் அது பழகிப்போயிருந்தது.

ஒருநாள் காலை முகம் கழுவப் போன தகப்பன் கிணற்றடியில் விழுந்துவிட்டார். பாரிசவாதம். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது கை வழங்கவில்லை. தமிழும் போய்விட்டிருந்தது. "தண்ணி வேணுமோ அப்பா?" என்று மகள் கேட்டால் வெறித்துப் பார்ப்பார். வாயில் வந்ததெல்லாம் அந்த வீட்டு மொழிதான், அதுவும் துண்டு துண்டாக.

"அப்பா சொல்லுறது எனக்கு விளங்குது அக்கா. திருப்பிச் சொல்லத்தான் வாய் வருகுதில்லை" என்று அந்தப் பெண் என்னிடம் அழுதார்.

ஆனால் அழுதுகொண்டே இருந்துவிடவில்லை. வேலை முடிந்து வந்ததும் மட்டக்களப்பில் இருக்கும் தன் மாமிக்கு ஃபோன் எடுப்பார். 'நோகுதா', 'திரும்பிப் படுங்கோ', 'இன்னும் ஒரு வாய்' என்பதையெல்லாம் அந்த மொழியில் எப்படிச் சொல்வது என்று கேட்டு, குசினிக்குள் அடுப்படியில் நின்று சொல்லிப் பார்ப்பார். பிறகு போய்த் தகப்பனிடம் சொல்லுவார். பிழையாகச் சொன்னால் அவர் கோணிய வாயால் சிரிப்பார். பிறகு கஷ்டப்பட்டுத் திருத்துவார். அப்படித் திருத்தத் திருத்தத்தான் அவருக்குப் பேச்சு மீண்டது. சில நாட்கள் மகள் வேண்டுமென்றே பிழை விட்டிருப்பாரோ என்றுகூட எனக்குச் சந்தேகம்.

மாதங்கள் போக, அவருக்குத் தமிழும் மெல்ல வந்தது. அந்த நேரம் கனடாவிலிருந்து வந்து நின்ற என் தம்பி அந்தப் பெண்ணிடம் கேட்டான், "இனித் தமிழிலயே கதைக்கலாம்தானே? சாகப்போற பாஷையை ஏன் இழுத்துப் பிடிக்கிறியள்?"

அவர் தகப்பனுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை.

"அண்ணை, இவ்வளவு காலமும் அப்பா தன்ர பாஷையில கேட்டவர், நான் தமிழில பதில் சொன்னனான். ஒருநாளும் குறை சொன்னதில்லை. முதல்முதல் நான் அவரின்ர பாஷையில பதில் சொன்ன அண்டைக்குத்தான் அவர் அழுதவர். இனி எப்பிடி விடுறது?"

தம்பியின் பிள்ளைகளும் அவன் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லுவார்கள். அன்று பின்னேரம் தன் மகளோடு ஃபோனில் கதைக்கும்போது, "ஒருக்காத் தமிழில சொல்லு பாப்பம்" என்று அவன் கெஞ்சியது என் காதில் விழுந்தது.

அடுத்த வருடமே அந்தத் தகப்பனும் மகளும் மட்டக்களப்புக்கே மாற்றலாகிப் போய்விட்டார்கள். அழிகிற மொழிகளைக் காப்பாற்ற வேண்டுமா என்று படித்தவர்கள் விவாதிப்பதைக் கேட்கும்போதெல்லாம், தகப்பனுக்கு ஒரு பதில் சொல்வதற்காகவே ஒரு மொழியை உயிரோடு வைத்திருந்த அந்த மகளுக்கு என் மனம் தானாக எழுந்து மரியாதை செய்கிறது.